பழைய காருக்கு விலை குறித்தல்

புதிய பண்டத்திற்கு விலை குறிப்பவர் அதனை ஆக்கியவர். பழைய பண்டத்திற்கு விலை குறிக்க வேண்டியவரோ அதனை இதுவரை பயன்படுத்தியவர். கடையில் அடுக்கி வைத்த பொருளின்மீது விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். வாங்குவோர் அதனைப் பார்த்துக் கொள்ளலாம், விடலாம். ஆனால் பதினைந்து ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் செம்மண் சாலையிலும் ஓடித் தேய்ந்த காருக்கு அத்தகைய சீட்டு எதுவும் இல்லை. அதன் உரிமையாளர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அவ்வெண் மிகுந்தால் வாங்க எவரும் வாரார். குறைந்தால் கைப்பொருள் போகும். குறைகளை மறைத்துச் சொல்லப்பட்ட எண்ணாயின், வாங்கியவருடைய வாழ்க்கை இடர்ப்படும்.

இஃது ஆசிரியர்கள் பலருக்கு ஏற்படும் நிலையே. 1985ஆம் ஆண்டில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்த பின்னரும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சில் வெளிவந்த பின்னரும், நடுத்தரக் குடும்பத்தார்க்கும் தோட்டப்புற மக்களுக்கும் கார் வாங்குவது எட்டக்கூடிய செயலாயிற்று. கஞ்சில் 2009ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றது. ஆயினும் அவ்வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. ஒருவர் புதிதாக வாங்கி ஓட்டிய வண்டி, அடுத்து ஓர் இளைஞரின் முதல் வண்டியாகிறது. ஆகவே, பழைய காரின் விலை என்பது வணிகச் செய்தி மட்டுமன்று; சேமிப்புக் குறைந்த ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் எதன்மீது வைக்கிறார் என்னும் செய்தியுமாகும். அதனை எவ்வாறு கணக்கிடுவது, எவ்வாறு சொல்வது என்பவற்றை முறையாக ஆராய்தல் பயனுடையது.

பொருந்தாத மூன்று அளவுகோல்கள்

பழைய கார் விற்பவர் பெரும்பாலும் மூன்று பொய்யான அளவுகோல்களைக் கைக்கொள்கின்றனர்.

முதலாவது, வாங்கிய விலை. 'நாற்பதாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கியது, பத்தாயிரமாவது வராதா?' என்பது இவ்வகை எண்ணம். ஆனால் அந்த நாற்பதாயிரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே பயணமாக மாறிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றதும், மருத்துவமனைக்கு விரைந்ததும், தீபாவளிக்கு ஊர் சென்றதும் அப்பணத்தின் பயன்களே. நுகர்ந்து முடித்த பயனுக்கு மற்றொருவரிடம் விலை கேட்க இயலாது.

இரண்டாவது, பழுதுபார்க்கச் செலவிட்ட தொகை. சென்ற மாதம் அறுநூறு வெள்ளி கொடுத்துக் கிளட்சை மாற்றியவர், அந்த அறுநூறையும் விலையில் சேர்க்க விரும்புவார். வாங்குபவரோ கார் என்றால் கிளட்ச் வேலை செய்யும் என்றே எதிர்பார்க்கிறார். வேலை செய்யாத கிளட்ச் விலையைக் குறைக்கும்; வேலை செய்யும் கிளட்ச் விலையைக் குறையாமல் காக்கும்; அவ்வளவே. எனினும் பட்டறைப் பற்றுச்சீட்டுகளால் வேறொரு நன்மை உண்டு. அவை வாங்குபவரின் ஐயத்தைக் குறைக்கின்றன.

மூன்றாவது, பற்று. பல ஆண்டுகள் உடனிருந்த பொருளுக்கு உடைமையாளர் மனத்தில் தனி விலை ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. இதனை ஆராய்ந்து காட்டியவர்கள் கானமன், நெட்ஷ், தேலர் என்னும் அறிஞர் மூவர். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், மாணவர்களுள் பாதிப் பேருக்குக் குவளைகள் கொடுக்கப்பட்டன. மற்றப் பாதிப் பேர் அவற்றை வாங்கலாம் எனக் கூறப்பட்டது. குவளை சில நிமிடங்களே கையில் இருந்தபோதிலும், வைத்திருந்தவர் கேட்ட விலை, வாங்க வந்தவர் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சில நிமிடங்கள் கையிலிருந்த குவளைக்கே இவ்வளவு பற்று எனின், பதினைந்து ஆண்டுகள் வாசலில் நின்ற காருக்கு எவ்வளவு என்பதை எளிதில் உணரலாம்.

தேய்மானக் கணக்கு

பண்டம் மதிப்பிழக்கும் முறையைக் கணக்கியலார் இருவகையாகக் கணக்கிடுவர். ஒன்று நேர்முறை, மற்றொன்று குறைந்துவரும் மதிப்பு முறை.

நாற்பதாயிரம் வெள்ளிக் காருக்குப் பத்தாண்டு வாழ்நாள் எனக் கொண்டால், நேர்முறையில் ஆண்டுதோறும் 4,000 வெள்ளி கழியும். பத்தாம் ஆண்டு முடிவில் மதிப்புச் சுழியாகும். குறைந்துவரும் முறையில் ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் நூற்றுக்கு 20 பங்கு கழியும் எனக் கொள்ளலாம். அப்போது முதலாண்டு முடிவில் 32,000, இரண்டாம் ஆண்டு முடிவில் 25,600, ஐந்தாம் ஆண்டு முடிவில் 13,107, பத்தாம் ஆண்டு முடிவில் 4,295 வெள்ளி எஞ்சும். தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் விலை இறங்கும் இம்முறையே காரின் உண்மை நிலைக்கு அணுக்கமானது.

ஆனால் இம்முறைக்கும் எல்லையுண்டு. அதே கணக்கைத் தொடர்ந்தால் இருபதாம் ஆண்டு முடிவில் 461 வெள்ளியே எஞ்சும். ஓடும் நிலையிலுள்ள காரை அத்தொகைக்கு எவரும் கொடுப்பதில்லை. என்ன காரணம்? மிகப் பழைய காரை வாங்குபவர் அதன் பிறந்த ஆண்டை வாங்குவதில்லை; மழையில் நனையாமல் வேலைக்குச் செல்லும் வசதியை வாங்குகிறார். ஆகவே ஒரு குறிப்பிட்ட வயதைக் கடந்தபின் காரின் விலையை வயது ஆள்வதில்லை; நிலைமையே ஆள்கிறது. இருபது ஆண்டு ஓடிய இரு கார்கள் ஒரே மாதிரி, ஒரே நிறம் எனினும், ஒன்று மற்றொன்றைப்போல் மும்மடங்கு விலை பெறக்கூடும்.

கீழெல்லையும் மேலெல்லையும்

விலை என்பது ஒரு புள்ளியாகத் தோன்றினும், உண்மையில் அஃது இரண்டு எல்லைகளுக்கு இடையே அமைந்த வெளியாகும். அவ்விரண்டையும் முதலில் கண்டறிதல் வேண்டும்.

கீழெல்லையாவது, கார் ஓடாவிடினும் கிடைக்கக்கூடிய தொகை. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடை கொடுக்கும் பணம் ஒன்று. உதிரிப்பாகக் கடைக்காரர் கதவு, விளக்கு, கியர்ப்பெட்டி முதலியவற்றிற்காகக் கொடுக்கும் பணம் மற்றொன்று. இவற்றுள் எது மிகுதியோ அதுவே அடித்தளம். பழைய கார் வணிகர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும் விலை இதனினும் சற்று மேலே நிற்கும். இவ்விரண்டையும் விசாரித்து அறியாமல் விலை பேசத் தொடங்குதல், அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவதை ஒக்கும். கணவரை இழந்த பெண்கள், வாசலில் நிற்கும் காரை முதலில் வந்து கேட்டவருக்கே கொடுத்துவிடுவதுண்டு. துக்க வீட்டில் விலை பேசுவதா என்னும் கூச்சமே இதற்குக் காரணம். அவ்வேளையில் உறவினரோ, உடன் பணியாற்றிய ஆசிரியரோ இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்துச் சொல்வது பேருதவியாகும்.

மேலெல்லையாவது, அதே மாதிரி, அதே ஆண்டுக் கார்களுக்கு மற்றவர் கேட்கும் விலை. விளம்பரங்களைப் பார்த்து இதனை அறியலாம். ஆனால் விளம்பரத்திலுள்ளது கேட்கும் விலையே அன்றிப் பெற்ற விலை அன்று. நீண்ட நாள் விலைபோகாத காரின் விளம்பரமே நீண்ட நாள் கண்ணில் படும் என்பதையும் மறத்தல் கூடாது.

சிங்கப்பூரில் இக்கணக்கு வேறு வகையானது. அங்கு 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறையில் உள்ளது. சான்றிதழின் காலம் பத்தாண்டு. பின்னர் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். காலம் முடியுமுன் காரைப் பதிவு நீக்கினால், எஞ்சிய காலத்திற்கேற்ற தொகை திரும்பக் கிடைக்கும். ஆதலின் அங்கு பழைய காரின் கீழெல்லை பெரும்பாலும் இரும்பில் இல்லை, காகிதத்தில் உள்ளது. பத்தாண்டைக் கடந்த காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு நூற்றுக்கு 10 பங்கு வீதம் உயர்ந்து, 50 பங்கு வரை கூடுதலாகும். மலேசியாவில் தனியார் காருக்கு அத்தகைய வாழ்நாள் வரம்பு இல்லை. ஒரே மாதிரிக் கார், ஜொகூர் பாலத்தின் இப்பக்கம் ஒரு விலையும் அப்பக்கம் மற்றொரு விலையும் பெறுவதற்கு இத்தகைய சட்ட அமைப்பு வேறுபாடுகளே காரணம்.

குறைகளை எண்ணுதல்

அடுத்து நோக்கற்பாலது காரின் நிலைமை. குறைகளை மூவகையாகப் பிரித்துக்கொள்வது நலம்.

வயதிற்கு ஏற்ற தேய்வு முதல்வகை. மங்கிய சாயம், கிழிந்த இருக்கையுறை, பாதி தேய்ந்த டயர் ஆகியவை இதில் அடங்கும். பழைய கார் வாங்குவோர் இவற்றை எதிர்பார்த்தே வருகின்றனர். ஒப்பிடப்படும் மற்றக் கார்களிலும் இவை உண்டு. ஆகவே இவற்றிற்காக விலையைத் தனியே குறைக்க வேண்டுவதில்லை.

வயதிற்கு மிஞ்சிய பழுது இரண்டாம்வகை. ரேடியேட்டர் நீர் அடிக்கடி குறைதல், எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற வெண்படிவு, புகைக்குழாயில் தொடர்ந்து வெண்புகை ஆகியவை ஹெட் காஸ்கெட் கெட்டதன் அறிகுறிகள். நீலப்புகை வந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அடித்தளச் சட்டத்தில் துரு ஏறியிருப்பதும், கியர் மாறும்போது வழுக்குவதும் இவ்வகையே. இவற்றைச் செப்பனிடும் செலவைப் பட்டறையில் கேட்டறிந்து விலையில் கழிக்க வேண்டும்.

மூன்றாம்வகை உயிருக்கு ஊறு செய்யும் குறைகள். தேய்ந்த பிரேக், ஆட்டங்கண்ட ஸ்டியரிங், பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் என்பன இதில் அடங்கும். டயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்ட நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். '1216' எனின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் மிகுந்திருந்தாலும் மிகப் பழைய டயர் வெடிக்கக்கூடும். இவ்வகைக் குறைகளுக்கு விலையைக் குறைப்பது மட்டும் போதாது. அவற்றைச் சரிசெய்து விற்க வேண்டும். இல்லையேல் ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்லும் நிபந்தனையோடு விற்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

இதுவரை கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழ்வரும் எண்கள் யாவும் விளக்கத்திற்காகக் கொண்டவை. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு அவை மாறும், முறை மாறாது.

ஓர் ஆசிரியர் தம் பழைய கஞ்சிலை விற்க விரும்புகிறார். அதே ஆண்டு வண்டிகளுக்கு ஆறு விளம்பரங்களைக் காண்கிறார். கேட்கப்படும் விலைகள் 4,200, 4,500, 4,500, 4,800, 5,200, 6,500 வெள்ளி. இவற்றின் சராசரி 4,950. ஆனால் 6,500 கேட்பவர் ஒருவரே சராசரியை மேலே இழுத்துவிட்டார். வரிசையின் நடுவிலுள்ள 4,500, 4,800 ஆகிய இரண்டிற்கும் இடைப்பட்ட 4,650 என்பதே நம்பத்தக்க இடைநிலை அளவு. பேரம் பேசி நூற்றுக்கு 10 பங்கு குறையும் எனக் கொண்டால் 4,185. முழு எண்ணாக 4,200 வெள்ளி. இது நல்ல நிலையிலுள்ள ஒத்த வண்டிக்குக் கிடைக்கக்கூடிய விலை.

அவருடைய வண்டியிலோ ஹெட் காஸ்கெட் கெட்டிருக்கிறது. பட்டறையில் 1,100 வெள்ளி ஆகும் என்கின்றனர். டயர் நான்கும் மாற்றும் நிலை, செலவு 480. ஆனால் ஒப்பிட்ட வண்டிகளிலும் டயர்கள் பாதி தேய்ந்தவையே ஆதலின் 240 மட்டும் கழித்தால் போதும். கழிவு 1,340. எஞ்சுவது 2,860. பட்டறைக்கு அலையும் வாங்குபவரின் தொல்லைக்கும், திறந்து பார்த்தால் மேலும் பழுது தென்படலாம் என்னும் ஐயத்திற்கும் 200 வெள்ளி கழிக்கலாம். ஆகவே நேர்மையான விலை ஏறத்தாழ 2,660 வெள்ளி.

இனிக் கீழெல்லை. இரும்புக் கடையில் 900, கார் வணிகரிடம் 1,800 கிடைக்கும் எனக் கொள்க. அப்படியாயின் 1,800க்குக் கீழே தனியாருக்கு விற்பதில் பயனில்லை. ஆசிரியர் 2,900 கேட்கலாம்; 2,500க்குக் கீழே இறங்குவதில்லை எனத் தமக்குள் உறுதி செய்துகொள்ளலாம்.

பழுதைச் சரிசெய்தே விற்றால் என்ன என்னும் வினா எழும். 1,100 செலவிட்டால் அப்பழுதுக்காகக் கழித்த 1,100உம், ஐயத்திற்காகக் கழித்த 200உம் திரும்பும், ஊதியம் 200. ஆனால் எஞ்சினைத் திறந்தபின் வேறு பழுது தென்பட்டால் அந்த ஊதியம் மறைந்து நட்டமாகும். பொதுவாக, செலவு சிறிதாகவும் பயன் வெளிப்படையாகவும் உள்ளவற்றை மட்டும் சரிசெய்வது அறிவுடைமை. எரியாத விளக்கு, வலுவிழந்த பேட்டரி, அழுக்கடைந்த உட்புறம் ஆகியவை இத்தகையன. பிரேக்கு மட்டும் இக்கணக்கிற்கு அப்பாற்பட்டது. இலாபமோ நட்டமோ, அது சரியாக இருந்தே தீர வேண்டும்.

முதலில் சொல்லும் எண்

கேட்கும் விலை வேறு, ஏற்கும் விலை வேறு. முதலாவதை ஊருக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவதை மனத்திற்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சொல்லப்படும் எண்ணுக்கு ஈர்க்கும் ஆற்றல் உண்டு. துவர்ஸ்கி, கானமன் இருவரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையை விளக்கினர். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்று சுழற்றப்பட்டது. அது 10இல் அல்லது 65இல் நிற்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. பின்னர், ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என வினவப்பட்டது. 10ஐக் கண்டவர்கள் 25 என்றனர்; 65ஐக் கண்டவர்கள் 45 என்றனர். சக்கரத்திற்கும் வினாவிற்கும் தொடர்பே இல்லை. ஆயினும் முதலில் கண்ட எண் அவர்தம் மதிப்பீட்டை இழுத்தது.

இதனை அறிந்தவர், 'அப்படியாயின் மிக உயர்த்திச் சொல்லலாமே' என நினைக்கக்கூடும். அது தவறு. ஒத்த வண்டிகளின் விலையை வாங்குபவரும் இன்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார். பொருந்தாத விலையைக் கண்டவர் பேரம் பேச வருவதில்லை, பேசாமல் விலகிவிடுகிறார். மேலும், வண்டி வாசலில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் பேட்டரி வலுவிழக்கிறது. காப்புறுதிக் காலம் கரைகிறது. ஆகவே ஏற்கும் விலைக்கு மேல் பேரத்திற்கு இடமளிக்கும் அளவே உயர்த்திச் சொல்லுதல் தக்கது.

எலுமிச்சைச் சந்தை

பழைய கார் வணிகத்தின் தனித்தன்மை யாதெனின், விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியார் என்பதாகும். இதனை ஆராய்ந்தவர் ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். பழுதுபட்ட காரை அமெரிக்கர் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பர். 'எலுமிச்சைச் சந்தை' பற்றி அவர் எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் ஏற்க மறுத்தன. 1970ஆம் ஆண்டில் நான்காவது இதழில் வெளிவந்தது. அவ்வாராய்ச்சிக்காகவே 2001ஆம் ஆண்டில் பொருளியல் நோபெல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

அவர்தம் கருத்தை எளிய கணக்காக்கலாம். சந்தையில் பத்துக் கார்கள். ஐந்து நல்லவை; ஒவ்வொன்றும் 8,000 பெறும். ஐந்து பழுதானவை, ஒவ்வொன்றும் 4,000 பெறும். எது நல்லது, எது கெட்டது என வாங்குபவரால் அறிய முடியவில்லை. எனவே அவர் நடுவிலையாக 6,000 கொடுக்கவே துணிவார். 8,000 பெறத்தக்க நல்ல காருடையவர் அவ்விலைக்குக் கொடுக்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுவன பழுதானவை மட்டுமே. இதனை வாங்குபவர் உணரும்போது விலை 4,000 ஆகிவிடும். ஆக, ஒருவர் பொய் சொன்னால் வாங்கியவர் மட்டும் கெடுவதில்லை. மெய் சொல்பவருக்கும் உரிய விலை கிடைக்காமல் போகிறது.

இதிலிருந்து விற்பவர் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. தம் காரின் குறைகளைத் தாமே எழுதிக் காட்டுபவர், வாங்குபவரின் ஐயத்தைப் போக்குகிறார். ஐயத்திற்காகக் கழிக்கப்படும் தொகை அதனால் குறைகிறது. ஹெட் காஸ்கெட் கெட்டது என்று கூறியவர், 'கியர்ப்பெட்டி நன்றாக உள்ளது' என்று கூறும்போது நம்பப்படுகிறார்.

சட்டம் கூறும் குதிரை

குறையைச் சொல்லாமல் இருத்தல் குற்றமாகுமா? மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றி அமைந்தது. அதன் 17ஆம் பிரிவு ஏமாற்று என்பதை வரையறுக்கிறது. கார் இல்லாத காலத்தில் எழுதப்பட்டமையால் அங்கு எடுத்துக்காட்டாக வருவது குதிரை.

ஒருவர் நலமற்ற குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதன் நோயைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இஃது ஏமாற்று ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவர் அவருடைய மகள், அண்மையில்தான் உரிய வயதை எய்தியவள் எனின், அவ்வுறவின் காரணமாகக் குறையைக் கூறுவது தந்தையின் கடமையாகிறது. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமானது என்றே கொள்வேன்' என்று சொல்லியும் விற்பவர் வாய்திறவாதிருந்தால், அவ்வமைதி பேச்சுக்கு நிகராகிறது.

மூன்று எடுத்துக்காட்டுகளும் ஆசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. ஊர்ப்புறத்தில் ஆசிரியரின் காரை வாங்க வருபவர் பெரும்பாலும் அயலார் அல்லர். அவரிடமே படித்த மாணவராக இருப்பார். 'சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று கூறி, எஞ்சின் மூடியைத் திறந்தும் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுப்பார். அந்த ஒரு சொல்லில் இரண்டாம் குதிரையும் மூன்றாம் குதிரையும் அடங்கியிருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் ஆசிரிய மாணவ உறவு எவ்வளவு கடமையை உண்டாக்கும் என்பது வழக்கைப் பொறுத்து நீதிமன்றம் முடிவு செய்வது. அறத்தின் பார்வையில் அவ்வினாவே எழாது. நம்பி வந்தவர் முன் காக்கும் அமைதி பொய்யே ஆகும்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், குறையுள்ள பொருளை வணிகரிடம் வாங்கியவர்க்குச் செப்பனிடவோ மாற்றவோ கேட்கும் உரிமையை அளித்தது. பழைய கார்களும் அதில் அடங்கும். ஆனால் தனியார் ஒருவர் மற்றொரு தனியாருக்கு விற்பதை அது தழுவாது. ஆகவே தனியார் விற்பனையில் வாங்குபவருக்குள்ள பெருந்துணை விற்பவரின் நாணயமே.

ரோட்சு தீவின் வணிகன்

இவ்வினா புதியதன்று. உரோமைச் சான்றோர் சிசரோ, கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இதனை ஆராய்கிறார். ரோட்சு தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வருகிறான். மேலும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் அறிவான், தீவினர் அறியார். அவன் அதனைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்கலாமா?

சட்டம் சொல்லச் சொன்ன குறைகளைச் சொன்னால் போதும். சொல்லாமை மறைத்தல் ஆகாது என்றார் டயோஜெனிசு. வாங்குபவர் அறியாத எதனையும் விற்பவர் மறைத்தல் கூடாது என்றார் அவருடைய மாணவர் அண்டிப்பேட்டர். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். பிறர் அறிந்தால் அவர்க்குப் பயன்படும் ஒன்றைத் தம் ஊதியத்திற்காக அறியவிடாமல் செய்தல் நேர்மையாளர் செயலன்று என்பது அவர் முடிவு. வாணிக அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்த திருவள்ளுவர் நெறியும் இதற்கு அயலானதன்று.

செய்யத்தக்கன

இவ்வாராய்ச்சியால் பெறப்படும் நடைமுறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, இரும்புக் கடை, உதிரிப்பாகக் கடை, கார் வணிகர் ஆகிய மூவரிடமும் விலை கேட்டுக் கீழெல்லையை அறிதல். இரண்டாவது, ஒத்த வண்டிகளின் விலைகளை வரிசையாக எழுதி இடைநிலை அளவைக் காணுதல். மூன்றாவது, தொடர்பில்லாத பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டிக் குறைகளையும் செலவையும் எழுதி வாங்குதல். நான்காவது, வயதிற்கு மிஞ்சிய பழுதுகளை மட்டும் கழித்து நேர்மையான விலையைக் காணுதல். ஐந்தாவது, குறைகளின் பட்டியலை இரு படிகள் எடுத்து, வாங்குபவர் கையொப்பத்தோடு ஒன்றைத் தாம் வைத்துக்கொள்ளுதல். இப்பட்டியல் வாங்குபவரைக் காப்பதுபோலவே, பின்னாளில் எழக்கூடிய பழிச்சொல்லிலிருந்து விற்பவரையும் காக்கும்.

ஆறாவதாகக் கூறுவது பலரும் புறக்கணிப்பது. பெயர் மாற்றம் முடியுமுன் வண்டியைக் கொடுத்தல் கூடாது. 'அடுத்த மாதம் மாற்றிக்கொள்கிறேன்' என்று வாங்கிச் சென்றவர் மாற்றாமலே விட்டால், அவ்வண்டிக்கான அபராத அறிக்கைகள் பழைய உரிமையாளர் வீட்டிற்கே வரும். மலேசியாவில் பெயர் மாற்றத்திற்கு முன் பொதுவாக வண்டி பரிசோதிக்கப்படுகிறது. எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவேட்டோடு ஒப்பிடப்படுகின்றன. வாடகைக் கொள்முதல் கடன் எஞ்சியிருப்பின் அதனைத் தீர்த்த பின்னரே மாற்ற இயலும். காப்புறுதி வண்டியோடு செல்வதில்லை. விபத்தின்றி ஓட்டியதற்காகக் கிடைக்கும் கட்டணக் கழிவு, உச்ச அளவில் நூற்றுக்கு 55 பங்கு, விற்பவருக்கே உரியது. அவர் அதனைத் தம் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். வாங்குபவர் தம் பெயரில் புதிய காப்புறுதி எடுக்க வேண்டும். முதல் வண்டி வாங்கும் இளைஞர்க்கு அக்கழிவு இராது. இச்செலவையும் அவருக்கு முன்னரே சொல்லி வைப்பது நன்று.

இப்பொருள் வகுப்பறைக்கும் உகந்தது. நூற்றுவீதம், சராசரி, இடைநிலை அளவு, கழித்தல் ஆகிய யாவும் ஒரே கணக்கில் அமைந்துள்ளன. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பழைய மிதிவண்டியை விற்கும் கணக்காக இதனை மாற்றிக் கொடுக்கலாம். விலையைக் கண்டபின், 'செயின் அடிக்கடி கழல்கிறது என்பதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?' என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். கணக்குப் பாடமும் நன்னெறிப் பாடமும் ஒரே தாளில் நடக்கும்.

பழைய காருக்குச் சரியான விலை, விற்பவர் பெறக்கூடிய மிகப்பெரிய தொகையுமன்று. இரங்கிக் கொடுக்கும் சிறிய தொகையுமன்று. எவ்வாறு வந்தது என்று வாங்குபவரிடமே வரிவரியாக விளக்கிக் காட்டத்தக்க தொகை எதுவோ அதுவே சரியான விலை. அவ்வாறு விற்றவர், ஆறு மாதம் கழித்து அவ்வண்டி வழியில் எதிர்ப்பட்டாலும் முகந்திருப்பிக்கொள்ள வேண்டிய நிலை வாராது.